ஒரே தோட்டத்து பினோ நுவார், ஏழு ஆண்டுகள்: எந்த வரிசையில் திறப்பது?

கொடிமுந்திரி எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவின் சோனோமா கவுண்டியில் ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கு. அங்கே ஒரே தோட்டம், ஒரே தயாரிப்பாளர், பினோ நுவார் என்கிற திராட்சையின் சிவப்பு ஒயின். 2011, 2012, 2013, 2015, 2017, 2018, 2020 என்று ஏழு ஆண்டுகள் என்னிடம் சேர்ந்துவிட்டன. திட்டமிட்டுச் சேர்த்ததில்லை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாங்கி, குடித்தது போக மிச்சம் நின்றவை. (2014ம் 2016ம் வாங்கவில்லை. 2019 இருந்தது, இளசிலேயே காலி.) எல்லாமே ஒயின் ஃப்ரிட்ஜில் 13 டிகிரியில் படுக்கையாகக் கிடந்தவை.

இது மெலிந்த பினோ இல்லை. கறுப்புச் செர்ரி, கோலா, கிராம்பு, நாக்கில் படர்ந்து கொஞ்ச நேரம் நகராமல் நிற்கிற ஒரு கனம். பினோ என்றால் வெளிறிப்போய்த் தண்ணீராக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த நண்பன் ஒருவன், முதல் மடக்கிலேயே இது சிராவா (கனத்துக்குப் பேர்போன வேறொரு திராட்சை) என்று கேட்டான். லேபிளில் 2012க்கு 14.9 சதவீதம் ஆல்கஹால் போட்டிருக்கிறது, 2018க்கு 14.1, 2011க்கு 13.8.

எட்டுப் பேர் உட்காரப் போகிறோம். பழையதிலிருந்து புதியதற்குப் போவதா, புதியதிலிருந்து பழையதற்கா? டிகாண்டரில், அதாவது வண்டலைப் பிரிக்கவும் காற்றுப் படவும் வைக்கிற கண்ணாடிக் குடுவையில், ஊற்ற வேண்டுமா? 2020ஐ இந்த வரிசையில் வைக்கலாமா, அந்த வருடத்துக் காட்டுத்தீ பற்றிப் படித்ததிலிருந்து ஒரு தயக்கம். அப்புறம் ஒரு பயமும் இருக்கிறது: போன தடவை வேறொரு ஒயினில் இப்படி உட்கார்ந்தபோது நான்காவது கிளாஸுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டது, ஐந்தாவதற்கு நான் எழுதி வைத்த குறிப்பு "நன்று", ஆறாவதற்கு "இதுவும் நன்று".

அடிவண்டல் எழுதியது:

தம்பி, கடைசியில் சொன்ன பயத்திலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. நாக்கு மரத்துப் போனதற்குக் காரணம் ஒயின்களின் எண்ணிக்கை இல்லை, ஊற்றிய அளவு. 750 மில்லியை எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குத் தொண்ணூறு சொச்சம் வரும், அதை எடுத்த எடுப்பில் முழுக்க ஊற்றிவிடுவார்கள். ஏழையும் அப்படியே விழுங்கினால் ஆளுக்கு 650 மில்லி, கிட்டத்தட்ட ஒரு முழு பாட்டில். அதற்குப் பிறகு குறிப்பில் "இதுவும் நன்று" என்றுதான் வரும், வேறென்ன வரும்? முதல் சுற்றுக்கு 40 மில்லி போதும். மிச்சத்தைப் பாட்டிலிலேயே விட்டு வைத்து ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று ஊற்றுங்கள், ஆளுக்கு ஒரு துப்பும் குவளையும் வையுங்கள். முதலில் எல்லோரும் கூச்சப்படுவார்கள், மூன்றாவது கிளாஸில் சரியாகிவிடும்.

வரிசை பற்றி: பழையதிலிருந்து புதியதற்குப் போனால், வயதான ஒயினின் மெல்லிய வாசனையைப் புத்துணர்ச்சியோடு பிடிக்கலாம், ஆனால் அதைப் பிடிக்க மூக்கு அப்போது தயாராக இருக்காது. புதியதிலிருந்து பழையதற்குப் போனால் இளசுகளின் துவர்ப்பும் பழ இனிப்பும் வாயில் தங்கி, கடைசியில் வருகிற பழசு சோகையாகத் தெரியும். இரண்டும் எனக்குப் பிடிக்காது. நான் வருடப்படி வைப்பதே இல்லை, எடைப்படி வைப்பேன், மெலிந்தது முதலில், கனத்தது கடைசியில், அதுவும் இரண்டிரண்டாக ஜோடி போட்டு. ஒற்றைக் கிளாஸை வைத்துக்கொண்டு இது எப்படி என்று கேட்டால் பதில் வராது, பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிட்டால் எதில் புளிப்பு அதிகம் என்று குழந்தை கூடச் சொல்லிவிடும்.

டிகாண்டர் வேண்டாம். பினோவில் வண்டல் குறைவு, முந்தின நாளே பாட்டில்களை நிமிர்த்தி வைத்து நிதானமாக ஊற்றினால் போதும். பத்து வயது தாண்டியதை ஊற்றுவதற்கு அரை மணி முன்னால் திறந்து ஒரு துளி மோந்து பார்த்துவிட்டு அப்படியே விடுங்கள். 2018 மாதிரி இளசு இறுக்கமாக இருந்தால் அதற்குக் கிளாஸைச் சுழற்றுவதே டிகாண்டர்தான்.

இதையெல்லாம் விட முக்கியம் சூடு. 14.9 சதவீத ஒயினை அறைச் சூட்டில் ஊற்றினால் மூக்கில் முதலில் ஏறுவது ஆல்கஹால், பழமெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். 14 டிகிரியில் ஊற்றுங்கள், கிளாஸில் அது தானாக 17, 18க்கு ஏறும், ஏறும்போது என்ன ஆகிறது என்பதையும் எழுதி வையுங்கள். ஏழுக்கும் ஒரே வகைக் கிளாஸ், வயிறு அகன்றது. நல்ல கிளாஸ் நாலு, சுமாரான கிளாஸ் மூன்று என்று கலந்து வைத்தால் நீங்கள் மதிப்பெண் போடுவது கிளாஸுக்கு.

பாட்டில்களைத் துணியில் சுற்றி எண் மட்டும் எழுதிவிடுங்கள். 2013 நல்ல வருடம் என்று ஏற்கனவே கேள்விப்பட்டவன் 2013ஐ நல்லதென்றுதான் சொல்வான்.

வடகரை எழுதியது:

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், கலிபோர்னியாவில் வருடத்துக்கு வருடம் பார்க்க என்ன இருக்கிறது? வெயில், அப்புறம் வெயில். ஆண்டு வித்தியாசம் வேண்டுமென்றால் பிரான்சின் பர்கண்டிக்குத்தான் போக வேண்டும். கனமும் வேண்டுமா, அங்கே போமார் என்கிற ஊரின் பினோ இருக்கிறது, ரூஜியான் தோட்டத்து இரும்புச் சத்துள்ள மண்ணில் விளைந்ததைப் பத்து வருடம் வைத்துக் குடித்துப் பாருங்கள். 2003 கடும் வெப்பம், ஆகஸ்டிலேயே அறுவடை. 2010 குளிர்ச்சி, குறைந்த விளைச்சல், கத்தி மாதிரி புளிப்பு. 2013ல் பலர் அக்டோபரில்தான் பறித்தார்கள். 2015 கொழுத்தது. 2021ல் ஏப்ரல் உறைபனி, விளைந்தது கொஞ்சம், அதுவும் மெலிந்தது. இவற்றை வரிசையாக வைத்தால் ஒரே தோட்டமா என்றே சந்தேகம் வரும். உங்கள் ஏழு பாட்டிலும் செர்ரி ஜாம் என்பது என் ஊகம்.

பனிமூட்டம் எழுதியது:

வடகரை, ஜாம் என்று சொல்வது எளிது. நான் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு அறுவடைக் காலம் ஒரு சிறிய ஒயினரியில் வேலை பார்த்தவள், பெரும்பாலும் தொட்டி கழுவினேன் என்பதே உண்மை, ஆனாலும் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம்.

அங்கே வெயில் மட்டும் இல்லை, பனிமூட்டம் இருக்கிறது (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?). பசிபிக் கடலிலிருந்து ஆற்றின் வழியாகவும் பெட்டலூமா என்கிற மலை இடைவெளி வழியாகவும் இரவில் உள்ளே வந்து, காலை பத்து, பதினொன்று வரை கொடிகளின் மேல் படுத்துக் கிடக்கும். பகல் உச்சிக்கும் இரவுக்கும் 20 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் வரும். பகலில் சர்க்கரை ஏறுகிறது, இரவில் புளிப்பு கரையாமல் காப்பாற்றப்படுகிறது. அந்தப் பக்கத்து பினோ கனமாக இருந்தும் தொய்ந்துவிடாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். மண்ணும் உண்டு, மேற்குப் பக்கத்தில் கோல்ட்ரிட்ஜ் என்கிற மெல்லிய மணல் கலந்த மண், ஒரு காலத்தில் கடலடி, தண்ணீர் நிற்காது.

வருடங்களைப் பாருங்கள். 2011 கலிபோர்னியாவில் குளிர்ச்சியான வருடம், ஜூனில் பூக்கும் நேரத்தில் மழை, அக்டோபர் தொடக்கத்தில் மறுபடி மழை, பூஞ்சை. மழைக்கு முன் பறித்தவனுக்கு ஒரு ஒயின், பின் பறித்தவனுக்கு வேறு ஒயின். 2012 அதற்கு நேர் எதிர், சீரான கோடை, நிறைய விளைச்சல், எல்லாமே பழுத்தது. 2013 வறட்சி, சின்னக் காய், நல்ல வருடம் என்று எல்லோரும் சொல்வது. 2015ல் மே மாதக் குளிரில் பூ சரியாகப் பிடிக்கவில்லை, கொத்துக்குப் பாதிக் காய்தான், அதனால் அடர்த்தி. 2017ல் செப்டம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 41 டிகிரி, அந்த நகரத்தில் அது சாதனை, உள்ளே பள்ளத்தாக்கில் இன்னும் மோசம், கொடியிலேயே காய் வாடியது. அக்டோபர் 8 இரவில் தீ, ஆனால் அதற்குள் பினோ பெரும்பாலும் தொட்டிக்குள் வந்தாகிவிட்டது. 2018 நீண்ட, நிதானமான பருவம். இதில் எந்த இரண்டு வருடம் ஒன்றுபோல் இருக்கிறது?

ஆனால் கொடிமுந்திரி, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், வடகரைக்குச் சொன்னதை விட இது முக்கியம். உங்கள் லேபிளில் 14.9லிருந்து 14.1க்கு இறங்கியிருக்கிறதே, அது முழுக்க வானிலை இல்லை. அங்கே பலர் நட்டிருப்பது 115, 667, 777 என்று எண்ணால் அழைக்கிற டிஜோன் குளோன்கள் (ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டி வளர்த்த பினோ வகைகள்). பர்கண்டியின் குளிரில் சீக்கிரம் பழுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றைக் கலிபோர்னிய வெயிலில் நட்டால் சர்க்கரை குதிரை வேகத்தில் ஓடுகிறது. விதை பழுப்பாகட்டும், துவர்ப்பு மெத்தென்று ஆகட்டும் என்று பத்து நாள் காத்திருந்தீர்களோ, ஆல்கஹால் 15ஐத் தொட்டுவிடும். முன்பெல்லாம் காத்திருந்தார்கள், அதுதான் அப்போதைய ருசி. பிறகு காற்று மாறியது. ஒயின் துறையைச் சேர்ந்த ராஜத் பாரும் ஜாஸ்மின் ஹிர்ஷும் 2011ல் "சமநிலையைத் தேடி" என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், 2016ல் அவர்களே கலைத்தும் விட்டார்கள், ஆனால் கனமா சமநிலையா என்ற அந்தச் சண்டை நடந்த ஐந்து வருடத்தில் பலர் சத்தமில்லாமல் ஒரு வாரம் முன்னால் பறிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஆக உங்கள் மேஜையில் இருப்பது ஏழு வருடமா, இல்லை மனம் மாறிய ஒரே ஆளின் ஏழு நிலைகளா என்று பிரிக்க வேண்டும். தயாரிப்பாளரிடம் மூன்று விவரம் கேளுங்கள்: பறித்த தேதி, எத்தனை சதவீதம் புது ஓக் பீப்பாய், எத்தனை சதவீதம் காம்போடு முழுக் கொத்தாக நொதிக்க விட்டார்கள். காம்பு போட்டால் துவர்ப்பு ஏறும், நிறம் கொஞ்சம் இறங்கும், பொட்டாசியம் வந்து புளிப்பையும் தணிக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "2018 குளிர்ச்சியான வருடம்" என்று எழுதினால் அது பீப்பாயைப் பார்த்து வானிலை சொல்வது.

லேபிள் எண்ணையும் முழுக்க நம்ப வேண்டாம். அமெரிக்க விதிப்படி 14 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தால் ஒரு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், உங்கள் 14.9 உண்மையில் 15.9 ஆகக் கூட இருக்கலாம். 14க்குக் கீழே என்றால் ஒன்றரை வரை சலுகை, ஆனால் 14 என்ற கோட்டைத் தாண்டக் கூடாது. வருடமும் அப்படித்தான், ரஷ்யன் ரிவர் என்று இடம் போட்ட பாட்டிலில் 95 சதவீதம் அந்த வருடத்துப் பழமாக இருந்தால் போதும்.

வடகரை எழுதியது:

சரி, 2011ஐ ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன "மனம் மாறிய ஆள்" பர்கண்டியிலும் உண்டு, காய் பழுக்காத வருடத்தில் நொதிக்கும்போது சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை ஏற்றுவது அங்கே பழைய வழக்கம். கலிபோர்னியாவில் சர்க்கரை சேர்க்கத் தடை, தண்ணீரும் அமிலமும் சேர்க்கலாம். ஒருவன் ஏற்றுகிறான், ஒருவன் இறக்குகிறான்.

ஆனால் வானிலையை லேசாக எண்ண வேண்டாம். போன் நகரத்தில் (தொலைபேசி இல்லை, பர்கண்டியின் ஒயின் தலைநகரம்) திராட்சை பறித்த தேதிகளை 1354லிருந்து 2018 வரை தொடராகத் தொகுத்து ஒரு ஆய்வு 2019ல் வந்தது. 1987 வரைக்குமான சராசரி செப்டம்பர் 28. 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முன்னதாகப் பறிக்கிறார்கள். அறுநூறு வருடமாக அசையாமல் இருந்த தேதி முப்பது வருடத்தில் இரண்டு வாரம் நகர்ந்திருக்கிறது. கனமான பினோ என்று நாம் கலிபோர்னியாவைக் காட்டிக்கொண்டிருக்கும்போது 2018, 2019, 2020 பர்கண்டி லேபிள்களிலும் 14 தென்படுகிறது.

மூக்கே_சாட்சி எழுதியது:

2020 பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. ஆகஸ்ட் நடுவில் மின்னல் விழுந்து பற்றிய தீ, அதில் வால்பிரிட்ஜ் தீ ரஷ்யன் ரிவர் பக்கத்தில்தான் எரிந்தது, பினோ பறிக்கிற நேரம். சிலர் அந்த வருடம் பினோ போடவே இல்லை.

புகையில் உள்ள குவாயகால் போன்ற சேர்மங்கள் காயின் தோல் வழியாக உள்ளே போய்ச் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கிற வரை வாசனை இருக்காது, அதனால் பாட்டிலில் அடைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று தயாரிப்பாளர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வருடம் போகப் போகக் கட்டு அவிழும், வாயில் எச்சில் பட்டாலும் அவிழும். அதனால்தான் மூக்கில் ஒன்றுமில்லாமல், விழுங்கிய பிறகு சாம்பல் மாதிரி வரும். எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் நன்றாக இருக்கிறது என்பார். பினோவுக்குத் தோல் மெல்லியது, சிவப்பு ஒயினைத் தோலோடுதான் நொதிக்க விடுகிறார்கள், தப்ப வழி குறைவு.

எல்லா 2020ம் அப்படி என்று சொல்லவில்லை, சுத்தமாக இருந்ததையும் குடித்திருக்கிறேன். ஆனால் வரிசையின் நடுவில் வைக்காதீர்கள். சாம்பல் ஒருமுறை வாயில் ஏறினால் அடுத்த இரண்டு ஒயினுக்கும் அதுவே வரும். கடைசியில் தனியாக, சும்மா ஒரு பின்குறிப்பு மாதிரி திறவுங்கள்.

கொடிமுந்திரி எழுதியது:

நடந்து முடிந்தது. எல்லோருக்கும் நன்றி, அடிவண்டல் ஐயா சொன்னபடியே ஜோடி, துணி, துப்பும் குவளை எல்லாம் வைத்தேன். பனிமூட்டம் அக்கா சொன்ன மூன்று விவரத்தையும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன், ஆச்சரியமாக மறுநாளே பதில் வந்தது, ஆனால் அதைச் சுவைத்து முடிக்கிற வரை பிரித்துப் பார்க்கவில்லை.

முதல் ஜோடி 2011, 2018. இரண்டையும் பெரும்பாலோர் மாற்றிச் சொன்னார்கள். 2011ன் விளிம்பில் செங்கல் நிறம் ஏறியிருந்தது, நிறத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் மூக்கை வைத்தவுடன் யாருக்கும் நிறம் ஞாபகம் இல்லை. காய்ந்த இலை, பால் விடாத தேநீர், ஆரஞ்சுத் தோல், அடியில் இன்னும் கொஞ்சம் சிவப்புச் செர்ரி. புளிப்பு அவ்வளவு உயிரோடு இருந்ததால் இதுதான் இளசு என்று ஆறு பேர் எழுதினார்கள். 2018 சுத்தமானது, கிராம்பும் நாவல்பழமும், நுனியில் ஒரு பச்சைக் காம்பு வாசம், துவர்ப்பு நெல்லிக்காய் கடித்த மாதிரி ஈறில் நின்றது.

இரண்டாவது ஜோடி 2013, 2017. இதில் 2013ஐ நான் எதிர்பார்த்தேன், ஏமாற்றம். கெட்ட வாசனை எதுவும் இல்லை, ஆனால் பழமே இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி. சுழற்றினேன், காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. 2017 இரண்டு மனதாக இருந்தது, முன்பக்கம் ஜாம் (வடகரை சிரிக்க வேண்டாம்), பின்பக்கம் வறட்சியான ஒரு கசப்பு. அந்த செப்டம்பர் வெயிலை முன்பே படித்திருந்ததால் எனக்கு அப்படித் தெரிந்ததா என்று சந்தேகம் வந்தது, ஆனால் எதுவும் படிக்காத நண்பனும் "வாடினது மாதிரி" என்று எழுதியிருந்தான்.

மூன்றாவது ஜோடி 2012, 2015. 2012 ஊற்றியவுடன் அறையே நிறைந்தது. கறுப்புச் செர்ரி, சாக்லேட், வனிலா, கோலா, எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. முதல் சுற்றில் எட்டில் ஐந்து பேர் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள். 2015 அதன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது, கறுப்பு, இறுக்கம், அடர்த்தி, இன்னும் ஐந்து வருடம் கழித்து வா என்றது.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று. இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. 2012 கிளாஸில் 18 டிகிரியைத் தாண்டியிருந்தது, ஆல்கஹால் மூக்கைச் சுட்டது, பழம் உலர்திராட்சைக்கு நகர்ந்துவிட்டது, வனிலா மட்டும் தனியாக நின்றது. முதலிடம் கொடுத்த ஐந்து பேரில் நான்கு பேர் கிளாஸைக் காலி செய்யவில்லை. 2011ன் கிளாஸ் எட்டும் காலி. கடைசி ஓட்டில் 2011 முதலிடம், 2018 அடுத்தது, 2015, 2012, 2013, 2017 என்று போனது. காய்ந்த இலை யாருக்கு வேண்டும் என்று ஒருவர் மட்டும் கடைசி வரை 2012ஐ விடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

2020ஐக் கடைசியில் தனியாகத் திறந்தோம். மூக்கில் அருமை, மென்மையான செர்ரி, மூவர் இதுதான் இன்றைக்கு நல்லது என்று கூடச் சொன்னார்கள். எனக்கு விழுங்கி அரை நிமிடம் கழித்து அணைந்த அடுப்பு. இன்னொருவருக்கும் அப்படியே, மற்ற ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. பாட்டிலில் மிஞ்சியதை மறுநாள் நான் குடிக்க முடியாமல் கொட்டினேன்.

அப்புறம்தான் பதில் கடிதத்தைப் பிரித்தேன். 2013 வரை 60 சதவீதம் புது ஓக், 2015லிருந்து 35. முழுக் கொத்து 2017 வரை இல்லவே இல்லை, 2018ல் 20 சதவீதம் (அந்தப் பச்சைக் காம்பு!). பறித்த தேதியில் 2011 மழைக்கு இரண்டு நாள் முன்னால். ஆக 2012ன் வனிலா புது ஓக்கிலிருந்து வந்தது, அதை வருடத்தின் கணக்கில் எழுத முடியாது, ஆனால் 2011லும் அதே 60 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள், அது எங்கே போனது என்று தெரியவில்லை.

பனிமூட்டம் எழுதியது:

எங்கேயும் போகவில்லை, உள்ளே கரைந்துவிட்டது. ஓக் பிரிந்து நிற்கிறதா சேர்ந்து போகிறதா என்பது அதைத் தாங்குகிற புளிப்பைப் பொறுத்தது என்பது என் அனுபவம், அறுதியிட்டு யாரும் சொல்ல முடியாது. ஆனால் இது உங்களுக்குக் கிடைத்த நல்ல ஜோடி: 2011, 2012 இரண்டுக்கும் ஒரே பீப்பாய், ஒரே கை. அடுத்த முறை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அங்கே தெரிகிற வித்தியாசம் வருடத்துடையது என்று நம்பலாம். 2012ஐயும் 2018ஐயும் வைத்தால் நம்ப முடியாது.

அடிவண்டல் எழுதியது:

2013 பற்றி எனக்கு உறுத்துகிறது. கெட்ட வாசனை இல்லை, பழமும் இல்லை, காற்றுப் பட்டும் திறக்கவில்லை என்கிறீர்கள். ஈரச் சாக்கு நாறினால்தான் கார்க் கெட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், அப்படி இல்லை. கார்க்கிலிருந்து வருகிற டிசிஏ லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், நாறாமல், பழத்தை மட்டும் அமுக்கிவிடும். அந்த நிலையில்தான் அது ரொம்ப ஆபத்து, ஏனென்றால் நாம் பாட்டிலைச் சந்தேகிக்காமல் வருடத்தைச் சந்தேகிப்போம். ஒரு பாட்டிலை வைத்து 2013க்கு ஐந்தாம் இடம் என்று எழுதி வைக்காதீர்கள். கார்க்கை வைத்திருக்கிறீர்களா? சூடு தணிந்த வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு மோந்து பாருங்கள், சில சமயம் காட்டிக்கொடுக்கும். இன்னொரு 2013 இருக்கிறதா?

கொடிமுந்திரி எழுதியது:

கார்க் அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது. 2013ல் இன்னொன்று இருந்தது, நேற்று இரவு தனியாகத் திறந்தேன். அதே பெட்டியில் பக்கத்தில் படுத்திருந்த பாட்டில். ஐயா, இது வேறு ஒயின். திறந்த உடனே கிராம்பு, செர்ரி, கொஞ்சம் ஈர மண், கனமும் இருக்கிறது, அது நிற்க முதுகெலும்பும் இருக்கிறது, ஓக் தெரிகிறது ஆனால் கத்தவில்லை. ஐந்தாம் இடத்தை அடித்துவிட்டேன். 2011க்கு முன்னாலா பின்னாலா என்று சொல்ல இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டும், ஆனால் 2011ல் ஒரு பாட்டில்தான் மிச்சம், 2013 இப்போது பூஜ்யம்.

வடகரை எழுதியது:

2011ஐ இந்த வருடமே திறந்துவிடுங்கள், காத்திருக்க வேண்டாம். கூட ஒரு 2010 போமார் நான் கொண்டு வருகிறேன். துணியில் சுற்றியே கொண்டு வருகிறேன்.